‘போதும்’ என்ற பிறகும் ஒரு வாய்

ஒரு குழந்தை ‘போதும்’ என்று சொன்னால், அது உண்மையிலேயே போதுமா? லண்டனிலிருந்து கோயம்புத்தூருக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகப் போகிறது. ஒவ்வொரு வேளையும் தட்டோடு உட்காரும்போது இந்தக் கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பதில்தான் வரவில்லை.

ஊர் சுற்றிப் பார்க்க நான் லண்டன் போகவில்லை. அங்கே ஹரோ பகுதியில் இருக்கும் என் அக்கா ரேவதிக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. கொஞ்ச நாள் கனம் தூக்கக் கூடாது, அதிகம் நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மாமாவுக்கு ஆபீஸில் விடுப்பு கிடைக்கவில்லை. அவர்களுடைய ஏழு வயது மகள் மித்ராவைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். இங்கே கோடை விடுமுறை ஆரம்பித்திருந்ததால், ஐந்தரை வயது மகன் தருணையும் கூட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். கணவர் கோயம்புத்தூரிலேயே இருந்துகொண்டார்.

முதல் அதிர்ச்சி விமானத்திலேயே கிடைத்தது. தருணுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன். எதிரே திரையில் கார்ட்டூன். அவன் கண் அதில், என் கை அவன் வாயில். எங்கள் வீட்டில் இது தினசரிக் காட்சி என்பதால் நான் எதையும் யோசிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு, ரொம்ப அக்கறையாக ஆங்கிலத்தில் கேட்டார்: “பாவம், குழந்தைக்குக் கையில் ஏதாவது அடிபட்டிருக்கிறதா?”

“இல்லையே, ஏன்?” என்றேன்.

அவர் தருணின் இரண்டு கைகளையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஓ, ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு அந்தச் சாதம் இறங்கவில்லை. தருணுக்கு மட்டும் முழுவதும் ஊட்டி முடித்தேன்.

அடுத்தது ஹீத்ரோ சுங்கச் சோதனை. என் பெட்டியில் முக்கால்வாசி தருணின் சாப்பாடுதான். வெண்ணெய் காய்ச்சி எடுத்த நெய் இரண்டு பாட்டில், பாலில் கலக்கும் சத்து பானப் பொடி, பால்கோவா, சத்துமாவு. பால் சேர்ந்த எதையும் அந்த நாட்டுக்குள் எடுத்துப் போகக் கூடாதாம். இளம் அதிகாரி ஒருவர் நெய்யையும் பால்கோவாவையும் பொடியையும் தனியாக எடுத்து வைத்தார். “என் மகன் வேறு எதுவும் சாப்பிட மாட்டான்” என்று கெஞ்சினேன். அவர் தள்ளுவண்டியில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த தருணை எட்டிப் பார்த்துவிட்டு, “கவலைப்படாதீர்கள், இங்கேயும் சாப்பாடு இருக்கிறது” என்றார்.

வெளியே காத்திருந்த மாமாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து கார் நிறுத்தும் இடம் வரைக்கும் நிறுத்தவில்லை. “வெம்ப்ளி இந்தியக் கடைத்தெருவுக்குப் போனா நெய்யிலயே குளிக்கலாம் கவி. நீ எதுக்கும்மா சுமந்துட்டு வந்த?”

மறுநாள் காலை மித்ராவைப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். மழை என்று சொல்ல முடியாத, ஆனால் நனைக்கிற ஒரு தூறல். தெரு முழுக்க ஒட்டி ஒட்டிக் கட்டிய இரட்டை வீடுகள். அந்த வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து குழந்தைகள் வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். அந்தக் குளிரில் அரைக்கால் சட்டை! சிலர் காலால் உந்தித் தள்ளும் ஸ்கூட்டரில் பறந்தார்கள். தள்ளுவண்டியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அம்மாக்கள் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். “ஐயோ, காய்ச்சல் வந்துடாதா?” என்று நான் வாய்விட்டே கேட்டேன். “சித்தி, தண்ணிதானே?” என்றாள் மித்ரா.

பாதி தூரம்கூடப் போகவில்லை. தருண் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். “கால் வலிக்குதும்மா, தூக்கு.” தூக்கினேன். வீட்டில் அவன் நடக்கிற மொத்த தூரமும் எங்கள் கதவிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து பள்ளி வேன். அதை அன்றைக்குத்தான், அவனைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கியபோது முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் மனம் உடனே ஒரு சமாதானம் கண்டுபிடித்தது: பாவம், உடம்பில் சத்தில்லை, அதனால்தான்.

மித்ராவை விட்டுவிட்டுத் திரும்பும்போது நடக்கப் பயந்து பேருந்தில் ஏறினேன். தெருவின் தவறான பக்கத்தில் நின்று ஏறிவிட்டேன் என்பது, வீடுகள் போய்க் கடைகள் வந்து, கடைகள் போய்ப் பெரிய சாலை வந்த பிறகுதான் புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பினார்.

“அக்கா, நீங்கள் மித்ராவின்ர சித்தி எல்லோ? காலமை பள்ளிக்கூட வாசலில கண்டனான். உது மற்றப் பக்கம் போற பஸ். இறங்குங்கோ, நானும் இறங்கத்தான் போறன்.”

அவர் பெயர் துஷா. யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணமாகி டென்மார்க்கில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அவருடைய மகன் ஆரன் மித்ராவின் வகுப்பில்தான் படிக்கிறான். எதிர்ப்பக்கம் போய் நின்றதும் அடுத்த பேருந்துக்கு நேரமிருக்கிறது என்று பலகை காட்டியது. “நடப்பமே?” என்றார்.

“பையனால நடக்க முடியாதுங்க.”

துஷா குனிந்து தருணைப் பார்த்தார். “ஏனப்பு, ஏலாதோ?”

தருண் தலையை என் தோளில் புதைத்துக்கொண்டான்.

“டென்மார்க்கில எங்கட வீதியில எல்லாப் பிள்ளையளும் சைக்கிள்தான் அக்கா. பனி கொட்டுற நாளிலயும் பாலர் பள்ளியில பிள்ளையளை வெளியில விளையாட விடுவினம். முதல் நாள் அதைப் பாத்திட்டு நான் அழுது டீச்சரோட சண்டைக்குப் போனனான். பிறகு இஞ்ச வந்தம். எல்லா இடமும் கார். ஒரு வருசத்தில ஆரன் படியேறினா மூச்சு இளைக்கத் தொடங்கிட்டான். இப்ப காரை வித்துப்போட்டம்.”

“காரையே வித்துட்டீங்களா!”

“ஓம். அவர் இப்பவும் கோபத்திலதான் இருக்கிறார்.”

இரண்டு நாள் கழித்து மித்ராவின் மதிய உணவு டப்பாவை நான் கட்டினேன். சாக்லேட் வைக்கக் கூடாது, ஜூஸ் கூடாது, தண்ணீர் மட்டும்தான் என்று அக்கா சொல்லியிருந்தாள். நல்லதுதானே என்று, ஊரிலிருந்து கொண்டுபோன கடலை மிட்டாயில் இரண்டு வைத்தேன். சாயங்காலம் பள்ளி வாசலில் ஆசிரியை என்னைத் தனியாக அழைத்தார். மிகவும் மென்மையாக, சிரித்த முகத்தோடுதான் சொன்னார். ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள், கடலை சேர்ந்த எதுவும் உள்ளே வரவே கூடாது என்று. கடலை மிட்டாய்! நம் ஊரில் அது சத்துணவு. யாருக்காவது ஏதாவது ஆனதா என்று வழியெல்லாம் மித்ராவைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

“ஒண்ணும் ஆகலை சித்தி, டப்பாவை மிஸ் உடனே எடுத்துட்டாங்க” என்று மித்ராதான் என்னைத் தேற்றினாள்.

இவ்வளவு கட்டுப்பாடான ஊரா என்று வியந்துகொண்டே திருப்பத்தில் திரும்பினால், கோழிக்கடை. அந்த நேரம் பெரிய பள்ளி விட்டிருந்தது. சீருடையில் டையோடு, முதுகில் பையோடு, பிள்ளைகள் கடைக்குள் அடைந்து நின்றார்கள். ஆளுக்கொரு அட்டைப் பெட்டி: பொரித்த கோழி, மேலே உருளைக்கிழங்கு சிப்ஸ், அதற்கும் மேலே சிவப்பாக ஏதோ ஊற்றியிருந்தது. கையில் பெரிய சோடா. அடுத்த கடையும் கோழிக்கடை. சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று.

“சின்னப் பள்ளியில ஆப்பிளை வெட்டிக் குடுப்பினம்” என்றார் கூட வந்த துஷா. “பெரிய பள்ளிக்குப் போனவுடன இஞ்ச வந்து நிப்பினம். வீட்டை ஒருத்தரும் இல்லை, தாய் தேப்பன் ரெண்டு பேரும் ஷிப்ட்.”

நான் பெருமையாக, “எங்க ஊர்ல இப்படி இல்லைங்க” என்று சொல்ல வாயைத் திறந்தேன். சரவணம்பட்டியில் தருணின் பள்ளிக்கு எதிரே இருக்கும் பேக்கரி கண் முன் வந்தது. நாலு மணிக்கு அங்கே பப்ஸுக்கும் தேங்காய் பன்னுக்கும் நிற்கிற கூட்டம். அதில் நானும் தருணும். வாயை மூடிக்கொண்டேன்.

இனி, எனக்கும் அக்காவுக்கும் நடந்த சண்டையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

இரவுச் சாப்பாட்டை மித்ரா தானே ஸ்பூனால் சாப்பிடுவாள். சின்னத் தட்டு. முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். பிறகு “போதும்” என்று தட்டைக் கொண்டுபோய் வைத்துவிடுவாள். அம்மா படுத்திருக்கிறாள், குழந்தை தனியாகச் சாப்பிடுகிறது என்று என் மனசு கேட்கவில்லை. வந்த முதல் ராத்திரியிலிருந்தே அவள் போதும் என்றதும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். அக்கா வீட்டில் இருந்த நெய்யை விட்டுப் பிசைந்த பருப்புச் சாதத்தை உருட்டி, “அப்பாவுக்கு ஒரு வாய்” என்பேன். சிரித்துக்கொண்டே வாங்குவாள். “கோயம்புத்தூர் சித்தப்பாவுக்கு ஒரு வாய். மாமாவுக்கு ஒரு வாய். ஜன்னல்ல உக்காந்திருக்கிற புறாவுக்கு ஒரு வாய்.” எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். ‘போதும்’ என்ற பிறகுதான் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். யாராவது ஒருவரை விட்டுவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். தருணுக்குச் சொந்தம் தீர்ந்துபோய் வாட்ச்மேன் அண்ணன் வரைக்கும் போவேன்.

ஒரு வாரம் ஆகும்போது, ஒரு ராத்திரி அக்கா மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். என் கையில் உருண்டை. மித்ராவின் வாய் திறந்திருந்தது.

“என்னடி பண்ணிட்டு இருக்க?”

“ஊட்டறேன். ஏன், நான் ஊட்டக் கூடாதா?”

“எத்தனை நாளா இது நடக்குது?”

“வந்ததுல இருந்து. புள்ளை ஆசையா வாங்கிக்கறா.”

அக்கா மித்ராவை உள்ளே அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். “ரெண்டு வருஷமா பழக்கிட்டு இருக்கேன் கவி. இவ ஸ்கூல் சேர்ந்த வருஷம் எல்லாருக்கும் உயரம், எடை பார்த்தாங்க. இவளோடது ரொம்ப அதிகம்னு எங்களுக்குத் தகவல் வந்துச்சு. நான் அழுதேன். அவங்க மேல கோபப்பட்டேன். யாரு நீங்க எம் பொண்ணைக் குண்டுன்னு சொல்றதுக்குன்னு. அப்புறம்தான் புரிஞ்சுது, வயிறு நிறைஞ்சா இவளுக்குத் தெரியவே தெரியாது. நான் நிறுத்தினாத்தான் நிறுத்துவா. ‘போதும்’ங்கிற வார்த்தையை நான்தான் இவளுக்கு ஒண்ணொண்ணா சொல்லிக் குடுத்தேன். நீ வந்து ஒரு வாரத்துல அதை ஊட்டி முடிச்சிட்ட.”

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அந்தக் கோபத்தில் சொன்னேன்: “உனக்கென்ன, உம் பொண்ணு சாப்பிடறா. என்னோடதைப் பாரு, எலும்பும் தோலுமா நிக்குது. சாப்பிடற குழந்தையை வச்சுட்டு நிறுத்தச் சொல்றவளுக்கு எங்க கஷ்டம் எப்படிடி தெரியும்?”

“உம் பையனைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினேனா?”

“பேசாம இருக்கிறதே பேசற மாதிரித்தான் இருக்கு.”

இரண்டு நாள் நாங்கள் குழந்தைகள் மூலமாகத்தான் பேசிக்கொண்டோம். “சித்திகிட்ட சொல்லு, பால் தீர்ந்துபோச்சுன்னு.” “அம்மாகிட்ட சொல்லு, வாங்கிட்டு வரேன்னு.”

சனிக்கிழமை மித்ராவுக்குத் தமிழ் வகுப்பு. அதற்குப் பிறகு பரதநாட்டியம், அதற்குப் பிறகு வயலின். ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பெற்றோர்கள் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்கள். விளையாட்டு எப்போது என்று ஒருவரிடம் கேட்டேன். “அதுக்கும் ஒரு கிளாஸ் தேடிட்டு இருக்கோம்” என்றார்.

தமிழ் வகுப்பு நடந்த அரங்கின் பின்பக்கம் யாருடைய பிறந்தநாளுக்கோ கேசரி, வடை, மட்டன் ரோல்ஸ், கேக். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு எடை இயந்திரமும் உயரம் அளக்கும் பலகையும் வைத்திருந்தார்கள். மாணவர் ஒருவரின் அம்மா குழந்தைகள் நல மருத்துவர், மதுரைக்காரர். என் வயதுதான் இருக்கும். விரும்புகிறவர்கள் குழந்தையைக் காட்டலாம் என்று அறிவித்திருந்தார்கள். பெரும்பாலான பெற்றோர்கள் வடையோடு அந்தப் பக்கமே போகவில்லை. மெல்ல நடக்கலாம் என்று ஆகியிருந்ததால் அக்காவும் வந்திருந்தாள். மித்ராவைக் காட்டினாள். “நல்லா வந்துட்டிருக்கா. உயரமாகறா, எடை அப்படியே நிக்குது. இதையே பண்ணுங்க” என்றார் டாக்டர். அக்காவின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. லண்டன் டாக்டர், நம்ம ஊர்க்காரர், காசும் கிடையாது. தருணை இழுத்துக்கொண்டு போய் நின்றேன்.

“டாக்டர், இவனுக்குப் பசி எடுக்க ஒரு நல்ல டானிக் சொல்லுங்க. இந்த ஊர்ல கிடைக்கிறதா இருந்தா வாங்கிட்டுப் போயிடறேன்.”

“ஏன், சாப்பிடறதில்லையா?”

“ஊட்டினாத்தான் உண்டு. அதுவும் வீடியோ போட்டா. பசிக்குதுன்னு வாயைத் திறந்து கேட்டதே இல்லைங்க.”

“பசிக்க விட்டிருக்கீங்களா?”

நான் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தருணின் ஷூவைக் கழற்றச் சொல்லி உயரம் பார்த்தார், எடை பார்த்தார், பிறகு ஒரு நாடாவை அவன் வயிற்றைச் சுற்றி வைத்து அளந்தார். டிரவுசரின் எலாஸ்டிக் பதிந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. மறுபடியும் ஒருமுறை அளந்தார்.

“டானிக் வேண்டாம். இவன் எடை குறைவு இல்லை. இருக்க வேண்டியதுக்கு மேலயே போயிருக்கான்.”

“டாக்டர், நல்லாப் பாருங்க. கையைப் பாருங்க, குச்சி மாதிரி இருக்கு.”

“கை காலைப் பார்த்துத்தான் நாம எல்லாரும் ஏமாந்துடறோம். நம்ம குழந்தைங்க நிறைய பேருக்கு கை கால் மெலிசா இருக்கும், சேர்றதெல்லாம் வயித்துலதான் சேரும். பார்வைக்கு ஒல்லி. ஆனா வளர்ந்த பிறகு சர்க்கரை, கொழுப்புன்னு வர்றதுக்கு இதுதான் தொடக்கம். பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. இங்க ஒரு மேசையில பார்த்து நான் முடிவு சொல்லக் கூடாது. ஊருக்குப் போனதும் உங்க டாக்டர்கிட்ட முழுசாக் காட்டுங்க.” பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “இவன் மூச்சு வாங்க ஓடி நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?”

யோசித்தேன். பின்னால் யாரோ பிறந்தநாள் பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். யோசித்துக்கொண்டே இருந்தேன்.

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் அவன் படங்களைப் பார்த்தேன். நான் பெற்ற பிள்ளை, தினமும் நான் குளிப்பாட்டுகிற உடம்பு. அந்தச் சிவப்புக் கோடு எத்தனையோ மாதமாக இருக்கிறது. எலாஸ்டிக் மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டியிருக்கிறேன். சட்டை பொத்தான் இழுத்தால், துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறேன். ஐரோப்பாவில் குழந்தைகள் பர்கரும் சிப்ஸும் தின்று குண்டாகிறார்கள் என்று எத்தனை செய்தி படித்து ‘ஐயோ பாவம்’ என்றிருக்கிறேன்! பருப்புச் சாதம் ஊட்டுகிற என் வீட்டுக்குள் அது எந்த வழியாக வந்தது? ஒருவேளை டாக்டர் தவறாக அளந்திருப்பாரோ? இரண்டு முறை அளந்தாரே.

அக்கா வந்து கதவைத் தட்டினாள். திறந்தேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருக்கலாம். அவளுக்கு அந்த உரிமை இருந்தது. “நானும் அன்னிக்கு இப்படித்தான் பாத்ரூம்ல உக்காந்திருந்தேன்” என்று மட்டும் சொன்னாள். “வா, டீ ஆறுது.”

மறுநாள் காலையில் திரை இல்லாமல், சின்னத் தட்டில் இட்லி வைத்துத் தருணை உட்கார வைத்தேன். தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாயைத் திறந்தான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். நான் மறந்துவிட்டதாக நினைத்து வாயை இன்னும் பெரிதாகத் திறந்தான். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பிரசவத்தைவிடக் கஷ்டம். கடைசியில் ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு, “போதும்” என்று இறங்கிப் போய்விட்டான். “போகட்டும் விடு” என்றாள் அக்கா. தட்டை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போன என் கால்களை நானே பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அன்று துஷாவும் நானும் மூன்று குழந்தைகளை நகரத்துக்குள் கூட்டிப் போய் ஒரு பெரிய பூங்காவில் விட்டோம். கயிற்று வலையில் எல்லாக் குழந்தைகளும் உச்சிக்கு ஏறினார்கள். தருண் கீழே நின்று கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். முதல் கயிற்றில் கால் வைத்ததும், “விழுந்துடுவ!” என்று கத்தினேன். அந்தப் பூங்காவிலேயே அப்படிக் கத்தியது நான் ஒருத்திதான். காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். “விடுங்கோ அக்கா, பெரிய உயரமில்லை” என்று துஷா என் கையைப் பிடித்துக்கொண்டார். தருண் இரண்டாவது கயிறு வரைக்கும் ஏறினான். அதற்கு மேல் போகவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை.

திரும்பும்போது ரயில் பாதி வழிவரைதான். ஞாயிற்றுக்கிழமை, தண்டவாளத்தில் வேலை. மாற்றுப் பேருந்தில் ஏற்றினார்கள். அதிலும் ஹரோ வருவதற்கு முன்னாலேயே, இந்தப் பேருந்து இதற்கு மேல் போகாது, எல்லோரும் இறங்கவும் என்று ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் இனிமையாகச் சொன்னது. யாரும் சண்டை போடவில்லை! முணுமுணுத்துக்கொண்டே வரிசையாக இறங்கினார்கள். நம் ஊரில் டிரைவர் உயிரோடு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்.

“நிண்டு காய ஏலாது, மைதானத்துக்குள்ளால நடப்பம்” என்றார் துஷா.

தருண் கையைத் தூக்கினான். என் முதுகில் பை, கையில் குடை. “கொஞ்ச தூரம் நட கண்ணு, அப்புறம் தூக்கறேன்” என்றேன். நீளமான புல்வெளி. ஆரனும் மித்ராவும் ஒரு பைன் காயை உதைத்துக்கொண்டே முன்னால் ஓடினார்கள். அது ஒருமுறை உருண்டு தருணின் காலடிக்கு வந்தது. அவன் உதைத்தான். “டேய் தருண், இந்தப் பக்கம்!” என்று மித்ரா கத்தினாள். அவன் ஓடினான். கை இரண்டும் எங்கெங்கோ போக, வயிறு குலுங்க, விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினான். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். டாக்டர் கேட்ட கேள்விக்கு இனி ஒரு பதில் இருக்கிறது.

மைதானத்தின் மறுகோடியில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். முகம் சிவந்து, முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. “அம்மா, வயித்துல என்னமோ பண்ணுது.”

என் உயிர் போய்விட்டது. “எங்க? வலிக்குதா? வாந்தி வருதா?” நெற்றியைத் தொட்டேன், வயிற்றை அமுக்கினேன். “துஷா, பக்கத்துல மருந்துக்கடை இருக்குங்களா?”

“வலிக்கல. உள்ள... காலியா... சத்தம் போடுது.”

மித்ரா மூச்சு வாங்கிக்கொண்டே வந்து அவனைப் பார்த்தாள். “சித்தி, அவனுக்கு ஹங்க்ரி. எனக்கும் இப்படித்தான் பண்ணும். பசிக்குது அவனுக்கு, அவ்ளோதான்.”

“இதுதான் பசியா?” என்று தருண் அவளிடம் கேட்டான்.

ஈரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தரை வயது. பசி என்றால் என்ன என்று என் பிள்ளைக்குத் தெரியாது. அது வருவதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேளையும், என் கை அவன் வாய்க்குப் போயிருக்கிறது. விமானத்தில் அந்தப் பெண்மணி கேட்டதும், டாக்டர் கேட்டதும், அக்கா கேட்டதும் எல்லாம் ஒரே கேள்விதான் என்று அப்போதுதான் உறைத்தது.

துஷா தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். வெள்ளரிக்காயும் சீஸும் வைத்த, ஓரம் காய்ந்துபோன சாண்ட்விச். நெய் இல்லை, வீடியோ இல்லை, மாமா இல்லை, புறா இல்லை. தருண் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடித்தான். கன்னம் உப்ப மென்றான். பாதிக்கு மேல் தின்றதும் நிறுத்தினான். கொஞ்சம் யோசித்தான். மீதியை என்னிடம் நீட்டினான்.

“போதும்மா.”

“அப்பாவுக்கு ஒரு—” என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. மித்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியை நானே தின்றேன்.

ஊருக்கு வந்ததும் எங்கள் டாக்டரிடம் காட்டினேன். ரத்தப் பரிசோதனையில் இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் லண்டனில் சொன்னது சரிதான், ஓட விடுங்கள் என்றார். எங்கே ஓட விடுவது? எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளம் முழுக்கக் கார்கள். வெளியே சாலையில் நடைபாதையே இல்லை. இப்போதைக்கு லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறுகிறோம். நாலாவது மாடிக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுகிறோம். எதிர் வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “என்ன கவி, லண்டன் போய் புள்ளை இப்படி இளைச்சு வந்திருக்கான்? அங்க சோறு போடலையா?” என்கிறார். அவன் ஒரு துளிகூட இளைக்கவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணவர் நல்லவர்தான். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். ஆனால் நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, “ஒரே ஒரு வாய்தானே” என்று கைபேசியைக் காட்டி ஊட்டிவிடுகிறார். அவரை எப்படிக் குறை சொல்வது? என் கையே இன்னும் முழுசாக அடங்கவில்லை.

இன்று மதியம் தருண் நாலு வாய் தானே தின்றுவிட்டு, “போதும்” என்றான். வயிறு நிறைந்து சொன்னானா? பக்கத்து வீட்டுப் பையன் விளையாடக் கூப்பிட்டதால் சொன்னானா? கீரை பிடிக்காமல் சொன்னானா? அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் அந்த வார்த்தையை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன், ஆனால் புரியவில்லை.

பிள்ளை வளர்க்கிற அம்மாக்களே, அப்பாக்களே, இதை உங்களிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் குழந்தை ‘போதும்’ என்றால் அது எந்தப் ‘போதும்’ என்று எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்? வீட்டில் மற்றவர்களை எப்படி ஒத்துக்கொள்ள வைத்தீர்கள்? கார்கள் நிற்கிற இடத்துக்கு நடுவே ஒரு குழந்தையை மூச்சு வாங்க ஓட வைக்க ஏதாவது வழி கண்டுபிடித்தீர்களா? எது தெரிந்தாலும் எழுதுங்கள். அவன் தட்டில் மீதி வைத்த சோறு இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போகாமல் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.